பக்கத்துக் காட்டுக்காரர் கையெழுத்து

எங்கள் சங்கத்தை டவுன் சங்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். டவுன் சங்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "சார், நீங்க பழைய செக்ரட்டரி. உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க. நல்லவிதமா இருக்கட்டும்" என்றார். கதவைப் பூட்டிவிட்டு அதற்கு மலர் போடுகிற ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எழுதுகிறேன். நல்லவிதமாக இருக்குமா என்று தெரியாது. போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் வேலை பார்த்தது அபிராமத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்த தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். முன்னால் ஒரு அறை, பின்னால் உர மூட்டை அடுக்கும் கிட்டங்கி. ஊரில் யாரும் அதைச் சங்கம் என்றோ வங்கி என்றோ சொன்னதில்லை, சொசைட்டி என்பார்கள். கடன் வாங்க வருவார்கள், உரம் வாங்க வருவார்கள், வேலை ஒன்றும் இல்லாவிட்டால் ஃபேனுக்கு அடியில் உட்கார வருவார்கள். உட்கார்ந்தவர்களை எழுந்து போகச் சொன்னதே கிடையாது. இப்போது டவுன் ஆபீசில் கண்ணாடிக் கதவு, டோக்கன். எங்கள் ஊர் ஆட்கள் உள்ளே போகவே செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கிறார்கள். கழற்ற வேண்டாம் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

மதுரையில் கூட்டுறவுப் பயிற்சி படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். சட்டம், துணைவிதி, கணக்கு எல்லாம் சொல்லித் தந்தார்கள். பாஸ் செய்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

எழுத வேண்டியது தலைவரைப் பற்றி. பூமிநாதன் என்று பெயர். கண்மாய்க்குக் கீழே வயலும் மேட்டில் மிளகாய்க் காடும் வைத்திருந்தவர். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "கால்ல சேறு, நாக்காலி வீணாப் போகும்" என்பார். உர மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு மனுக்களை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பிரியமாக இருந்தால் என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் செக்ரட்டரி சார் என்பார். கோபத்தில் அவருக்குக் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும்.

பயிர்க்கடன் மனு எதை வாசித்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. "பக்கத்துக் காடு யாருது?"

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடன் வாங்குகிறவருக்கு ஜாமீன் போடுகிறவர் அவருடைய அண்ணனாகவோ மச்சானாகவோ இருந்தால் போதாது. அவர் காட்டை ஒட்டிக் காடு வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அதுவும் ஆபீசில் வந்து கையெழுத்துப் போடக் கூடாது. இரண்டு பேரும் பொது வரப்பில் வந்து நிற்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் இது இன்னார் காடு, இவ்வளவு விளையும், இவர் உழைப்பாளி அல்லது சோம்பேறி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நானும் தலைவரும் கேட்போம். பிறகு அங்கேயே, சைக்கிள் சீட்டின் மேல் ஃபாரத்தை வைத்துக் கையெழுத்து வாங்குவேன். சட்டத்தில் இப்படி ஒரு விதியும் கிடையாது. எந்த உறுப்பினரும் ஜாமீன் போடலாம் என்றுதான் இருந்தது.

இது எதனால் வந்தது என்றால், அதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிளகாய்க்கு வாங்கிய கடனில் காதுகுத்து நடந்தது. காட்டில் ஒரு செடி இருக்காது. கேட்டால் மழை இல்லை என்று மச்சானும் மச்சானும் சேர்ந்து சொல்வார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். அவன் தினமும் பார்க்கிறான்.

இந்த வழக்கத்தில் குறையும் உண்டு. காடே இல்லாத கூலிக்காரனுக்கு வரப்பு ஏது, பக்கத்துக் காட்டுக்காரன் ஏது? அவர்களுக்கு எங்கள் சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைத்ததில்லை. அதை மறைத்து நான் யாரையும் புகழப் போவதில்லை. ஆனால் காடு வைத்திருந்த ஏழைகளைக் கந்துவட்டிக்காரனிடமிருந்து காப்பாற்றியது அந்த வரப்புக் கையெழுத்துதான். எப்படி என்று கேட்டால் ஒரு மனுவைச் சொன்னால் போதும்.

மனுதாரர் குருசாமி. வடக்கே மிட்டாய்க் கடையில் வேலை பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பியவர். அப்பா விட்டுப்போன காடு முள் மண்டிக் கிடந்தது. அவரும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் அதை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மிளகாய் போட விதைக்கும் உரத்துக்கும் கடன் கேட்டு மனுக் கொடுத்தார். புரட்டாசி மழை நன்றாகப் பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும்.

மனுவை வாசித்தேன். தலைவர் கேட்டார், "பக்கத்துக் காடு யாருது?"

குருசாமியின் காட்டுக்கு ஒரு பக்கம் கண்மாய்க் கரை. ஒரு பக்கம் வண்டிப் பாதை. ஒரு பக்கத்துக் காட்டுக்காரர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் இருக்கிற இடமே தெரியாது. மிச்சம் இருந்தது ஒரே பக்கம், காளிமுத்து காடு.

குருசாமியும் காளிமுத்துவும் பல வருடமாகப் பேசுவதில்லை. குருசாமியின் அப்பா காலத்தில், வரப்பில் நின்ற ஒரு உடைமரத்தை யார் வெட்டி ஆட்டுக்குப் போட்டார்கள் என்பதில் வந்த சண்டை. மரம் போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார். சண்டை மட்டும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. எதிரே வந்தால் ஒருவர் கண்மாய்ப் பக்கம் பார்ப்பார், மற்றவர் கோயில் பக்கம் பார்ப்பார்.

"காளிமுத்து கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க தம்பி" என்றார் தலைவர்.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் சொசைட்டிக்கு வந்தார். கையில் மண்வெட்டி. காட்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தார்.

"ஏன் சார், எங்க காட்டுக்கு நாலு பக்கம். ஒரு பக்கம் கம்மா. கம்மாக்கிட்டக் கையெழுத்து வாங்கியாரவா?"

"தலைவர் சொல்றாரும்மா. நான் என்ன செய்ய."

"அந்தாளு செத்தாலும் போட மாட்டாக. அவுக வீட்டுக் கோழி எங்க வாசலுக்கு வந்தாக் கூட அதையும் வைவாக. வட்டிக்காரரு அரைமணி நேரத்துல பணம் தாரேங்காரு. பத்திரத்த மட்டும் குடுன்னாரு. பக்கத்துல யாருன்னு அவரு கேக்கல."

"பத்திரத்தக் குடுத்தா திரும்பி வராதும்மா."

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் ஒங்ககிட்ட வந்து நிக்கேன். ஈரம் காஞ்சா அப்புறம் பத்திரம் இருந்து என்ன, பொட்டியில பூட்டி வச்சு மோந்து பாக்கவா?"

பத்திரம் கொடுத்தவர்கள் யாரும் நிலத்தைத் திரும்பப் பார்த்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். வட்டிக்கு வட்டி ஏறும், பிறகு ஒரு நாள் கிரயம் எழுதித் தரச் சொல்வார்கள்.

தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன். சண்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஐயா, எந்த உறுப்பினரும் ஜாமீன் போடலாம்னு சட்டத்துல இருக்கு. நானே ஒரு ஆளப் பிடிச்சுத் தாரேன். அவங்க காடு போயிரும்."

அவர் கிட்டங்கியில் மூட்டை சரிந்ததை நேராக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"செக்ரட்டரி சார், மார்கழியில மழை விட்டா குருசாமி எங்க போவான்?"

"அது அப்பப் பாத்துக்கலாம்."

"அப்பப் பாக்குறதுக்கு நீங்களும் நானும் அந்தக் காட்டுலயா இருக்கோம்? காளிமுத்துதான் இருக்கான். அவனக் கேளுங்க."

கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு காளிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "மோர் குடிக்கிறீகளா சார்?" என்றார். குடித்தேன். "குடிச்சாச்சுல்ல, கெளம்புங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் காட்டு வழியாகப் போனேன். காளிமுத்து வரப்பை ஒட்டிச் சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். கை முழுக்க முள் கீறல். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"அவன் பத்திரத்த வட்டிக்காரன்கிட்டக் குடுக்கப் போறானாமே?"

"நாளைக்குக் குடுக்கப் போறதாச் சொல்றாங்க."

"வட்டிக்காரன் வந்து இங்கன வெவசாயம் பாப்பானா?"

"அவரு எங்க பாக்குறாரு."

"பாக்க மாட்டான். எழுதி வாங்கிச் சும்மா போட்டு வைப்பான். ரெண்டு மழைக்கு முள்ளு ஆள் ஒசரம் வந்துரும். காட்டுப் பன்னி வந்து அடையும். விடிய விடிய எங் காட்ட உழுதுட்டுப் போகும். அந்தக் காடு முள்ளாக் கெடந்தப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தா, இப்பத்தான் அவன் வெட்டினான். வெட்டினதுல இருந்து எங் காட்டுக்குள்ள பன்னி வரல."

"அப்ப கையெழுத்துப் போடுறீகளா?"

கீறிய கையை வேட்டியில் துடைத்தார்.

"அவனுக்குப் போடல. முள்ளுக்குப் பயந்து போடுறேன். அத அவன்கிட்டச் சொல்லிருங்க."

மறுநாள் வரப்பில் கூடினோம். தலைவர், நான், குருசாமி, பஞ்சவர்ணம், காளிமுத்து. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். தலைவர் கேட்டார், "காளிமுத்து, இது யாரு காடு?"

"இந்தா நிக்கிறானே, இவன் காடு."

"வெளையுமா?"

"கீழ்ப்பக்கம் நல்லா வெளையும். மேல்பக்கம் களரு. அங்கன போட்டா முளைக்காது. மொத்தக் காட்டுக்கும் கடன் குடுக்காதீக."

குருசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பேசினார். "சார், இவரு கையெழுத்துப் போட வந்தாரா, கடனக் கொறைக்க வந்தாரா? கேளுங்க சார்."

நான் கேட்பதற்கு முன்னால் பஞ்சவர்ணம் பேசினார். "உள்ளதத்தான சொல்றாக. ஒங்க அய்யா அங்கன தூவின வெத என்னாச்சு? ஒரு எல பாத்தமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். மேல்பக்கத்தைக் கழித்துவிட்டுக் கடன் தொகையை எழுதினேன். அந்தக் களரில் விழுந்து வீணாகியிருக்க வேண்டிய விதையும் உரமும் அன்றைக்கே மிச்சம். எந்த அதிகாரியும் வந்து இதைச் சொல்லியிருக்க மாட்டான். காளிமுத்து சைக்கிள் சீட்டின் மேல் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். போட்டுவிட்டுக் குருசாமி இருந்த பக்கம் பார்க்காமல் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலமே குருசாமி உரத்தை எடுத்துக்கொண்டு போனார். விதைத்தார்.

ஐப்பசியும் கார்த்திகையும் நன்றாகப் பெய்தது. மார்கழியில் மழை நின்றுபோனது. செடி பூத்து நிற்கிற நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் பூ உதிரும், பூ உதிர்ந்தால் கடன் நிற்கும். குருசாமியின் கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் உவர். அதை விட்டால் செடி கருகும். காளிமுத்து கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

தலைவர் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். போனால் காளிமுத்து கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு ஓஸ் குழாய் வரப்பைத் தாண்டிக் குருசாமி காட்டுக்குள் கிடந்தது. காளிமுத்து இன்ஜினுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தார்.

"என்ன சார் பாக்குறீக? அவன் காடு காஞ்சா எவன் கட்டுறது? நான்தான கட்டணும். கையெழுத்த வாங்கிட்டுப் போயிட்டீகள்ல."

"டீசலு?"

"காலையில கேன வரப்புல வச்சுட்டுப் போறான். நான் எடுத்து ஊத்துறேன். பேச்சு வார்த்தை கெடையாது."

பத்து எட்டு வைக்கும் தூரத்தில் குருசாமி மண்வெட்டியோடு பாத்திக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

"சார், அவன்கிட்டச் சொல்லுங்க. வாய்மடைய இன்னும் அகலமா வெட்டணும். தண்ணி பூரா வழியிலயே நிக்குது."

நான் குருசாமியைப் பார்த்தேன்.

"வெட்டியாச்சுன்னு சொல்லுங்க சார்."

நான் காளிமுத்துவைப் பார்த்தேன்.

"வெட்டினது பத்தாதுன்னு சொல்லுங்க. கண்ணு நல்லாத் தெரியுதான்னும் கேளுங்க."

"கண்ணாடி போட வேண்டியது யாருன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லுங்க சார்."

சங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது இதற்காக. வேறு எந்த வேலைக்காகவும் இவ்வளவு சந்தோஷமாக நான் சம்பளம் வாங்கியதில்லை. தண்ணீர் பாய்ந்து முடிகிறவரை அங்கேயே நின்றேன். செடி நிமிர்ந்து நின்றது. மாசியில் பழம் எடுத்தார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். இப்போது போனிலேயே கடன் கிடைக்கிறதே, இதற்கு எதற்கு வரப்பும் சைக்கிளும் என்பீர்கள். கிடைக்கிறது, தெரியும். என் தெருவில் ஒருவன் போனில் வாங்கினான். கட்டத் தவறியதும் அவன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அவனைப் பற்றி அசிங்கமாகச் செய்தி போனது. எனக்கும் வந்தது. அந்தச் செய்தியை அனுப்பியவனுக்கு எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. அவனுக்குப் பணம் வர வேண்டும். பூ உதிர்ந்தால் அவனுக்கு என்ன? டவுன் சங்கத்தில் கம்ப்யூட்டர் ஒரு மார்க் போடுகிறது, அந்த மார்க்கைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார்கள் அல்லது இல்லை என்கிறார்கள். இல்லை என்றால் ஏன் என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தலைவரிடம் ஏன் என்று கேட்டால் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

எங்களைக் கெடுத்ததில் எங்களுக்கும் பங்குண்டு. தள்ளுபடி வரும் என்று பேச்சு அடிபட்டாலே கட்ட வந்தவர்கள் வழியிலேயே திரும்பிப் போகத் தொடங்கினார்கள். தலைவர் காலமான பிறகு வந்தவர்களுக்குக் காலில் சேறு படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கையெழுத்தை ஆபீசிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் எதிர்த்தேன், நேரம் மிச்சம் என்றார்கள். மிச்சமான நேரத்தில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பூமிநாதன் ஐயாவைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். கிட்டங்கிக்குள் யூரியா வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து, நான் வாசிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் அந்த முகம். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு முறை இரண்டு வரியைத் தாண்டி வாசித்தேன். "செக்ரட்டரி சார், நடுவுல என்னத்தையோ முழுங்கிட்டீக" என்றார். இன்னும் ஒரே ஒரு முறை அவர் என்னிடம் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கட்டடம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தினமும் பார்க்கிறேன்.

குருசாமி மனு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்திரையில் வத்தல் விற்ற பணத்தோடு அவர் வந்தார். தலைவர் மூட்டை மேல் இருந்தார். நான் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது காளிமுத்து வாசலில் வந்து நின்றார். யூரியா இருக்கிறதா என்று கேட்டார். சித்திரை வெயிலில், ஒரு புல் இல்லாத காட்டுக்கு எவனும் யூரியா வாங்க மாட்டான். இருக்கிறது என்றேன். அவர் உள்ளே வந்தார். யூரியாவைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

ரசீதைக் குருசாமி கையில் கொடுத்தேன். காளிமுத்து எட்டிப் பார்த்தார்.

"வட்டியையும் சேத்துக் கட்டினியாலே?"

நான் வழக்கம்போல் அந்தக் கேள்வியை வாங்கிக் குருசாமியிடம் கொடுப்பதற்குத் தலையை நிமிர்த்தினேன். தலைவர் என்னைப் பார்த்து லேசாகக் கையமர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். குருசாமி என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். வேறு வழி இல்லை.

"கட்டிட்டேன்" என்றார்.

"ரசீதக் காட்டு."

காட்டினார். காளிமுத்து அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த வருசம் வெள்ளெனமே வெதைச்சுப் போடு. இந்தத் தடவ பிந்திப் போச்சு."

"அது எங் காடு. எப்ப வெதைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"காடு ஒன்னுதுதான். கையெழுத்து என்னுது."

"ஒங்க கையெழுத்துக்காக மழைய முன்னாடியே வரச் சொல்லவா?"

"மழை வரும்போது ஒழுங்காக் காட்டுல கெட. டீக்கடையில கெடக்காத."

இரண்டு பேரும் படியிறங்கி ஒரே பாதையில் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். கண்மாய்க் கரை திரும்புகிறவரை சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று நான் வாசலுக்கு வந்து நின்றேன்.